பெரிய வீட்டின் கணக்கேடு



புளியந்தீவிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் செல்வோர், நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த பழைய ஊர்களில், போடியார் வீடு என்று ஊரார் சுட்டிக்காட்டும் வீடுகளை முன்னாளிற் கண்டனர். அவ்வீடு யாருடையது என்று வழிப்போக்கர் ஒருவர் வினவினால், போடியாரின் பெயரே விடையாக வரும். ஆனால் பெட்டகத்தைத் திறந்து உறுதியை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அதில் அவருடைய மனைவியின் பெயரோ மகளின் பெயரோ எழுதப்பட்டிருக்கும். குடியைத் தாய்வழியாக எண்ணுவதும், மகளுக்கு மணமாகும்போது வீட்டையே சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அருகில் வேறொரு சிறு வீட்டிற்குப் பெயர்வதும் மட்டக்களப்பு நாட்டின் நெடுநாள் வழக்கம். வீட்டின் பெருமை ஆடவர் பெயரில் வழங்கியது. வீடோ பெண்ணின் பெயரில் நின்றது.

இவ்வழக்கத்தை மனத்திலிருத்திக்கொண்டு, செல்வக் குடும்பங்கள் காலமாற்றத்தின் முன்னே நின்று தடுமாறிய கதையைக் கூறும் மூன்று நாவல்களை இன்று உங்களோடு சேர்ந்து நோக்க விரும்புகின்றேன். ஒன்று நமது இலங்கையிலே பிறந்தது, ஒன்று வங்காளத்தது, மற்றொன்று ஜெர்மனியது. இம்மூன்றையும் எழுதியவர்கள் ஆடவரே. எனினும், பெரிய வீட்டின் உயர்வையும் தாழ்வையும் எந்த ஏட்டில் எழுதலாம் என்று தேடிய அவர்கள் மூவரும் ஒரே ஏட்டைத்தான் கண்டெடுத்தார்கள். அந்த ஏடு, அவ்வீட்டு மகளின் திருமணம்.

மார்ட்டின் விக்கிரமசிங்க 1944ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கம்பெரலிய' என்னும் சிங்கள நாவலை முதலில் எடுத்துக்கொள்வோம். எம். எம். உவைஸ் அவர்கள் இதனைக் 'கிராமப் பிறழ்வு' என்ற பெயரில் தமிழாக்கினார். ஆசிரியர் பிறந்த கொக்கலைப் பகுதியைப் போன்றதொரு தென்னிலங்கைக் கிராமத்தில், மகாகெதர எனப்படும் பெரிய வீடொன்று இருக்கின்றது. அதன் தலைவர் கயிசாருவத்தை முகாந்திரம். அவருடைய மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் பியல் என்னும் இளைஞன் அவள்மீது அன்புகொள்கின்றான். அவனிடம் கல்வியுண்டு, முயற்சியுண்டு. மகாகெதர எதிர்பார்க்கும் குலப்பெருமை ஒன்றே இல்லை. ஆகவே அவன் கேள்வி மறுக்கப்படுகின்றது. குலத்தில் ஒத்தவனாகிய ஜினதாஸவுக்கு நந்தா மணமுடித்துக் கொடுக்கப்படுகின்றாள். பியல் கொழும்புக்குச் சென்று வாணிகத்தில் பெரும் பொருள் ஈட்டுகின்றான். ஜினதாஸவோ வறுமையால் துரத்தப்பட்டு, தொலைவிலுள்ள உள்நாட்டுப் பகுதிக்கு வாணிகம் செய்யச் சென்று தோல்வியுறுகின்றான்.

அவன் இறந்தான் என்று நம்பப்பட்ட பின்னர், முன்னர் மறுக்கப்பட்ட பியலையே நந்தா மணந்துகொள்கின்றாள். ஆனால் ஜினதாஸ உண்மையில் இறந்தது பிற்பாடு என்ற செய்தி பின்னால் வந்து சேர்கின்றது. அந்தச் செய்தி வரும்போது, மகாகெதர தன் பெருமையைக் காக்கச் செய்த முடிவின் விலை முழுவதும் நந்தாவின் கணக்கில் வந்து விழுவதை வாசகர் காண்கின்றனர். முகாந்திரமும் ஊரும் கூடிச் செய்த பிழைக்கு, அவள் ஒருத்தியே வாழ்நாள் முழுவதும் வட்டி கட்டுகின்றாள்.

இக்கதையை விக்கிரமசிங்க இம்மட்டில் நிறுத்தவில்லை. 1949இல் 'யுகாந்தய' வெளிவந்தது. 1957இல் 'கலியுகய' வெளிவந்தது. கதைமுறைப்படி நோக்கினால், பின்னர் எழுதிய கலியுகயவே நடுவில் நிற்பது. கொழும்பிலே செல்வராய் வாழும் பியலும் நந்தாவும் தம் மகன் அலனை இழக்கும் கதை அது. யுகாந்தயவிலோ முதலாளியாகிய கபலானவுக்கு எதிரே, இங்கிலாந்தில் கற்றுத் திரும்பிய அவர் மகன் மாலின் தொழிலாளரோடு சேர்ந்து நிற்கின்றான். மகாகெதரவின் வாயிலில் நின்று மறுக்கப்பட்டவனுடைய வழித்தோன்றல்களின் வாயிலில், இப்போது வேறொரு கூட்டம் வந்து நிற்கின்றது. புதுச்செல்வமும் ஒரு தலைமுறையில் பழஞ்செல்வம் ஆகிவிடும் என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் கம்பெரலியவைத் திரைப்படமாக்கினார். 1965இல் புதுதில்லி திரைப்பட விழாவில் அதற்குத் தங்கமயில் விருது கிடைத்தது.

இனி வங்காளத்திற்குச் செல்வோம். இரவீந்திரநாத தாகூரின் 'யோகாயோகம்' 1929இல் நூலாக வந்தது. சட்டர்ஜி குடும்பம் பழைய ஜமீன் குடும்பம், கடனில் மூழ்கியது. மதுசூதன கோஷால் வாணிகத்தால் உயர்ந்தவர். தம் முன்னோரைச் சட்டர்ஜி குடும்பத்தார் வழக்காலும் வன்மத்தாலும் வீழ்த்தியதை மறவாதவர். அவர் கடனையும் கொடுக்கின்றார், பெண்ணையும் கேட்கின்றார். தமையன் விப்பிரதாசனின் நிழலில் இசையும் பக்தியுமாக வளர்ந்த குமுதினி, தெய்வத்தின் விருப்பம் இதுவே என்று நம்பி இசைகின்றாள். திருமணத்தின் பின்னரே, தான் மனைவியாக அன்று, வெற்றிப்பொருளாகக் கொண்டுவரப்பட்டதை அவள் உணர்கின்றாள். இங்கே பழைய வீடு நல்லது, புதிய பணம் தீயது என்று கூறித் தாகூர் எளிதாகத் தப்பிக்கொள்ளவில்லை. குமுதினியின் தாயும் கணவனது போக்கினால் துன்புற்றவளே. பழைய மாளிகையிலும் பெண்ணின் கண்ணீர் இருந்தது. அதனை மறைக்கும் மரியாதையும் உடனிருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது, தோமஸ் மான் 1901இல் வெளியிட்ட 'புடன்புரூக்ஸ்'. ஜெர்மனியின் வடகரையிலுள்ள லூபெக் நகரத்தைச் சார்ந்த, நான்கு தலைமுறையாகத் தானிய வாணிகம் செய்த ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியைச் சொல்வது. 1929இல் ஆசிரியருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டபோது சிறப்பாகக் குறிக்கப்பட்டதும் இந்நூலே. அவ்வீட்டு மகள் டோனி, கப்பல்வழி காட்டுவோன் ஒருவனின் மகனாகிய மருத்துவ மாணவன்மீது அன்புகொள்கின்றாள். தந்தையோ குருன்லிக் என்னும் வாணிகனைத் தேர்ந்தெடுக்கின்றார். அவனுடைய கணக்கேடுகளைத் தாமே பார்வையிட்டார். அவனை அறிந்தவர்களிடம் விசாரித்தார். ஏடுகள் பொய்யாக எழுதப்பட்டவை. நற்சான்று கூறியவர்களோ, டோனியின் சீதனத்தால் தம் கடன் தீரும் என்று காத்திருந்தவர்கள். வாணிகக் கணக்கில் வல்லவரான ஒருவர், தம் மகளின் வாழ்வையும் வாணிகக் கணக்காகவே பார்த்தமையால் ஏமாந்தார்.

அக்குடும்பத்தில் பிறப்பு, மணம், இறப்பு யாவும் எழுதி வைக்கும் ஓர் ஏடு உண்டு. அந்த நிச்சயத்தை அதில் தன் கையாலேயே எழுதியவள் டோனி. பின்னொரு நாள், அக்குலத்தின் கடைசிச் சிறுவனாகிய ஹன்னோ, அதே ஏட்டில் தன் பெயரின் கீழ் இரட்டைக் கோடு இழுத்துவிடுகின்றான். கணக்கு முடிந்தது என்று கணக்கர்கள் இழுக்கும் கோடு அது.

நேயர்களே, இவற்றையெல்லாம் வாசித்த கண்ணோடு நம் வாவிக்கரையை நோக்குவோமாக. 1928இல் புகையிரதப் பாதை மட்டக்களப்பை வந்தடைந்தது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது; பெருநீர்த்தேக்கமும் குடியேற்றங்களும் தோன்றின; 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1956இல் வாழைச்சேனைக் காகித ஆலை உற்பத்தியைத் தொடங்க, வயலை நம்பியிருந்த இளைஞருக்கு மாதச் சம்பளம் என்னும் வேறொரு வழி தெரிந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், குத்தகைக்குப் பயிர்செய்வோருக்கு நிலத்தில் உறுதியான உரிமை வழங்க முற்பட்டது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய நெற்காணிக்கு 25 ஏக்கர் என்று எல்லை வகுத்தது. அதன் பின்னர் 1978இன் சூறாவளியும், 1983 முதல் 2009 வரை நீண்ட போரும் வந்தன. போடியாரின் களவெட்டியில் குவிந்த பொலியின் அளவு குறைந்ததற்கு இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பங்குண்டு.

இதற்காக நாம் அழ வேண்டுமா? இக்கேள்விக்கு அந்நாவல்கள் நேர்மையான விடை தருகின்றன. போடியார் வயற்காரருக்கு விதைநெல்லும் முன்பணமும் கொடுத்தார் என்பது உண்மை. அக்கடன் அறுவடைதோறும் களத்திலேயே கழிக்கப்பட்டது என்பதும் உண்மை. முல்லைக்காரர் வயலின் ஒவ்வொரு வரம்பையும் அறிந்திருந்தார். வரம்பு அவருடையதாக இருக்கவில்லை. பியலை மறுத்த செருக்கு அழிந்தமைக்காக வருந்துவார் யார்? எனினும், வறண்ட ஆண்டில் பசித்தவன் சென்று கேட்பதற்கு ஒரு வாயில் இருந்தது. அந்த வாயிலின் இடத்தில் வேறொன்று வைக்கப்படாமலே அது மூடப்பட்டால், அவ்விழப்பையும் எழுதத்தான் வேண்டும். இழப்பையும் நீதியையும் ஒரே பக்கத்தில் எழுதத் துணிவதே பெருநாவலின் பண்பு.

இந்நிலத்தின் கதையை எழுதப் புகும் இளையோருக்கு ஒரு சொல். லூபெக்கிலும் வங்காளத்திலும் தென்னிலங்கையிலும் மகள் பெரிய வீட்டைவிட்டு வெளியேறுகின்றாள். இங்கே அவள் அவ்வீட்டிலேயே தங்குகின்றாள். மருமகன்தான் வந்து சேர்கின்றான். வயல் போன பின்னும், சகோதரர் உத்தியோகம் தேடிக் கொழும்புக்கும் கடல்கடந்தும் சென்ற பின்னும், கூரை ஒழுகும் பெரிய வீட்டில் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பவள் அவளே. அவ்வுறுதியை விற்பதா, காப்பதா, தன் மகளுக்கு எழுதுவதா என்று அவள் எண்ணும் ஓர் இரவில், இந்நாட்டின் நூறாண்டு மாற்றமும் அடங்கிக் கிடக்கின்றது. அவளிடம் சென்று கேளுங்கள். முல்லைக்காரரின் மகளிடமும் மறவாது கேளுங்கள். அவள் வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கும். இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்ப்பவருக்கே உண்மை தெரியவரும்.