தனியார் பல்கலைக்கழகம்: பேரும் பெயர்ப்பலகையும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு இதே சந்திப்பில், மதியச் சாப்பாட்டுப் பந்தியில், எனக்கு அடுத்த இலையில் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவர் உட்கார்ந்திருந்தார். "சார், எம்.பி.ஏ.வுக்கு ஒரு பிரைவேட் யுனிவர்சிட்டியில இடம் கிடைச்சிருக்கு. நல்ல பேருன்னு சொல்றாங்க. சேரலாமா?" என்று கேட்டார். வாயில் இருந்த அப்பளத்தைச் சாக்கு வைத்துப் பதில் சொல்லாமல் தப்பித்துவிட்டேன். முப்பத்தாறு வருஷம் பேங்கில் வேலை பார்த்தவன் நான். பாக்கி வைத்தால் தூக்கம் வராது. அந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான் இன்று இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

நான் கல்வியாளன் இல்லை. ஆனால் 2001இல் கல்விக்கடனுக்கென்று ஒரு மாதிரித் திட்டம் வந்ததிலிருந்து ஓய்வு பெறும் வரை, பிள்ளைகளின் அட்மிஷன் கடிதத்தோடு வந்த பெற்றோர்களுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்நாளில் 4 லட்சம் வரை ஈடு கேட்கவில்லை; 7.5 லட்சம் வரை ஒருவர் ஜாமீன் கேட்டோம். அதற்கு மேல் போனால் வீடோ நிலமோ. இந்த மூன்றாவது வகையில் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தனியார் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள். வீட்டுப் பத்திரத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கவர்ச்சியை நான் கேலி செய்ய மாட்டேன். காரணமில்லாமல் யாரும் பத்திரத்தை எடுப்பதில்லை. அரசுக் கலந்தாய்வுக்காக நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும்போது, இவர்கள் ஒரே வாரத்தில் கடிதம் அனுப்பிவிடுகிறார்கள். தேர்வு சொன்ன தேதியில் நடக்கிறது, ரிசல்ட் வருகிறது. பெண்பிள்ளைக்கு வளாகத்துக்குள்ளேயே விடுதி. "எம் பொண்ணு யுனிவர்சிட்டியில படிக்கிறா" என்று கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். இதுவும் சின்ன விஷயம் இல்லை. தகுதியான பேரை உழைத்துச் சம்பாதித்த இடங்களும் உண்டு. பிலானியில் பிட்ஸ் 1964இல் நிகர்நிலைத் தகுதி பெற்றபோது அமெரிக்காவின் எம்.ஐ.டி. கைகொடுத்தது. பணம் கொடுத்து அங்கே இடம் வாங்க முடியாது என்ற பேர்தான் அதன் பெரிய சொத்து. நம் வேலூரில் 1984இல் 180 மாணவர்களோடு தொடங்கிய பொறியியல் கல்லூரி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, இன்று வடநாட்டுப் பிள்ளைகள் ரயிலேறி வந்து படிக்கும் இடமாக இருக்கிறது.

'பிரைவேட்' என்றாலே வியாபாரம் என்று நம் வயதுக்காரர்கள் சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. சிதம்பரத்தை நினைத்துப் பாருங்கள். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. சீனிவாச சாஸ்திரியார் துணைவேந்தராக இருந்த இடம். நாவலர் சோமசுந்தர பாரதியார் தமிழ்த்துறைக்குத் தலைமை வகித்த இடம். தமிழிசைக்கு ஒரு வீடு கட்டிக்கொடுத்தது அந்தக் குடும்பம். 1979இல் அஞ்சல்வழிக் கல்வி வந்த பிறகு, நம் உறவில் ஒருவராவது அங்கே பட்டம் வாங்காத குடும்பம் உண்டா? என் மதினி இரண்டு பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு அடுப்படி விளக்கில் படித்து வாங்கியதும் அந்தப் பட்டம்தான்.

அப்படிப்பட்ட பல்கலைக்கழகமே பணமுடையில் சிக்கியது. பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் ஊழியர்கள்; சம்பளம் கொடுக்கத் திணறல். 2013இல் தமிழக அரசு நிர்வாகியை நியமித்து, பிறகு தனிச் சட்டமே இயற்றி அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உபரி ஊழியர்களை மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: பேர் என்பது ஒரு தடவை வாங்கிப் பீரோவில் பூட்டிவைக்கும் நகை இல்லை. அண்ணனுக்கு 1985இல் பொருந்திய பேர் தம்பி மகனுக்கு 2010இல் பொருந்தும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. ஒரே வளாகத்தில் ஒரு துறை உச்சியிலும், பக்கத்துத் துறை பள்ளத்திலும் இருக்கலாம்.

இனி என் தவறைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் சென்ற வருஷம் அப்பளம் தொண்டையில் நின்றது.

2004. என் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒரு ஜூனியர் இன்ஜினியர், டிப்ளமாக்காரர், நல்ல மனிதர். பதவி உயர்வுக்கு பி.டெக். வேண்டும். வேலையை விட்டுவிட்டுப் படிக்க முடியாது. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தொலைதூரத்தில் பி.டெக். தருகிறது என்று நோட்டீஸோடு வந்தார். எங்கள் ஊரிலேயே ஒரு ஜவுளிக்கடை மாடியில் அதற்கு 'ஸ்டடி சென்டர்'. "சார், நீங்க நாலு பேரப் பாத்தவங்க. சேரலாமா?" என்றார். நான் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தேன். 'யுனிவர்சிட்டி' என்று கொட்டை எழுத்து. கீழே 'யூ.ஜி.சி. சட்டம், பிரிவு 3'. "யுனிவர்சிட்டின்னா யுனிவர்சிட்டிதானே? தைரியமா சேருங்க" என்று சொல்லி, பெர்சனல் லோனும் அன்றைக்கே சாங்ஷன் செய்தேன். அடமானப் பத்திரம் என்றால் முப்பது வருஷத்து வில்லங்கம் பார்ப்பவன் நான். அந்த நோட்டீஸுக்கு ஒரு நிமிஷம்கூட வில்லங்கம் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? 1956ஆம் ஆண்டு யூ.ஜி.சி. சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரு கல்வி நிறுவனத்தைப் பல்கலைக்கழகத்துக்கு நிகராகக் கருதலாம் என்கிறது. அவ்வளவுதான். எந்த ஊரிலும் எந்தப் படிப்பையும் எந்த முறையிலும் நடத்தலாம் என்று அது சொல்லவில்லை. மாநிலச் சட்டத்தால் வரும் தனியார் பல்கலைக்கழகம் வேறு வகை. அதிலும் ஒரு கூத்து நடந்தது. சத்தீஸ்கர் மாநிலம் 2002இல் ஒரு சட்டம் போட்டு, சுமார் ஒரு வருஷத்துக்குள் 112 பல்கலைக்கழகங்களைப் பிறப்பித்தது. கட்டடம்கூட இல்லாமல் பேர் மட்டும் இருந்தவை அதில் ஏராளம். பேராசிரியர் யஷ்பால் உச்ச நீதிமன்றம் போனார். 2005 பிப்ரவரியில் அத்தனையும் செல்லாமல் போயின.

என் நண்பர் ராத்திரி கண்விழித்துப் படித்தார். பட்டம் வாங்கினார். 2009இல் பதவி உயர்வு. ஒரு கிலோ பால்கோவாவோடு கிளைக்கு வந்தார். நானும் கூச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

2010 ஜனவரியில் எனக்கு முதல் அடி விழுந்தது. டாண்டன் குழு ஆராய்ந்த 126 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் 44க்கு அந்தத் தகுதி கூடாது என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதில் 16 தமிழ்நாட்டில்! பொங்கல் கழிந்த வாரம், என் அறை வாசலில் பெற்றோர் வரிசை. "லோன நிறுத்திட மாட்டீங்களே சார்?", "பையன் செகண்ட் இயர் சார், பட்டம் செல்லுமா?" எனக்கே பதில் தெரியாது. நீதிமன்றம் தடை கொடுத்தது, பின்னால் பல நிறுவனங்கள் தப்பித்தன. ஆனால் அந்த வாரம் ஒரு தகப்பனார், பேசாமல் ரொம்ப நேரம் என் மேஜைக் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது அடி 2017 நவம்பர் 3. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் முன் அனுமதி இல்லாமல் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைதூரத்தில் கொடுத்த பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் கையில் எடுத்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைப்பு, ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் தேறினால் உயிர்பெறும், இரண்டு வாய்ப்புதான். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பட்டமே ரத்து. அடுத்த வாரமே யூ.ஜி.சி., 123 நிகர்நிலை நிறுவனங்களுக்கு, பேரில் இருக்கும் 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிக் கடிதம் போட்டது. நான் எந்தச் சொல்லை நம்பி "தைரியமா சேருங்க" என்றேனோ, அந்தச் சொல்லையே!

ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். போன் வந்தது. அவர் கோபப்படவில்லை. "சார், பேப்பர் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஐம்பது வயதில், மகளோடு சேர்ந்து ஒரே மேஜையில் உட்கார்ந்து அவர் கணக்குப் போட்டுப் படித்தார். முதல் தடவை தேறவில்லை. இரண்டாம் தடவை தேறினார். நடுவில் அந்தச் சில மாதங்கள் நான் அவர் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் படிக்கத் தோன்றியது. மாணவர்களே, இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். 2016 முதல் மத்திய அரசு என்.ஐ.ஆர்.எஃப். என்ற தரவரிசை வெளியிடுகிறது. எல்லோரும் எத்தனாவது இடம் என்பதை மட்டும் பார்க்கிறார்கள். பொறியியல் பட்டியலில் நூற்றுக்குப் பத்து மதிப்பெண் 'மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள்' என்பதற்கே. அதாவது பேருக்கே பேர்! நாக் தரச்சான்றும் அப்படியே வேதவாக்கு இல்லை. 2025 பிப்ரவரியில், நல்ல கிரேடு போட லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரையே சி.பி.ஐ. கைது செய்தது. ஆனால் தரவரிசைக்காக நிறுவனங்கள் கொடுக்கும் விவரத்தாள் அவரவர் வலைதளத்திலேயே இருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுச் சம்பளம் என்ன, எந்த ஆசிரியர் எப்போது சேர்ந்தார் எல்லாம் அதில் உண்டு. பஸ் முதுகில் ஒட்டுகிறார்களே, '45 லட்சம் பேக்கேஜ்' என்று, அது ஒரு பிள்ளை வாங்கியது. நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் பிள்ளை வாங்குவதுதான் நடுச் சம்பளம். உங்கள் பிள்ளை அநேகமாக அவர் பக்கத்தில்தான் நிற்கும். 10 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருஷத் தவணை என்றால், படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலே மாதம் 13,775 ரூபாய். இந்தத் தொகையை அந்த நடுச் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளிலும் ஊதிப் பெருக்கியவர்கள் இருக்கலாம். அதனால்தான் நேரில் போகச் சொல்கிறேன்.

2023 மே மாதம் நண்பர் மறுபடி போன் செய்தார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். "சார், ரெண்டு யுனிவர்சிட்டியில கூப்பிடறாங்க. நீங்களும் கூட வரணும்." "என்னையா கூப்பிடறீங்க?" என்றேன். "உங்களத்தான் சார். இந்தத் தடவ நீங்க சும்மா சொல்ல மாட்டீங்க" என்றார்.

மூன்று பேரும் போனோம். விருந்தினர் நாளன்று போகவில்லை, சாதாரண புதன்கிழமை. முதல் இடத்தில் வளைவே ஒரு கோபுரம் உயரம். வரவேற்பறையில் காபி கொடுத்தார்கள், குளுகுளு அறையில் படம் போட்டார்கள். தரவரிசையிலும் இதுதான் மேலே. ஆய்வகத்தைக் கேட்டோம். காட்டினார்கள். திரும்பும்போது அந்தப் பெண் மெதுவாக, "அங்கிள், அந்த மெஷின் மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கவர இன்னும் பிரிக்கவே இல்ல. பாத்தீங்களா?" என்றாள். நான் பார்க்கவில்லை. நான் மறுபடியும் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்!

இரண்டாவது இடமும் தனியார்தான். வளைவு சுமார். கேன்டீனில் சாம்பார் நம்ம ஹாஸ்டல் சாம்பாருக்குத் தங்கச்சி. ஆனால் மாலை ஆறரை மணிக்கு ஆய்வகம் திறந்திருந்தது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு சர்க்யூட்டை வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "சார்ங்க மாறிக்கிட்டே இருக்காங்களா?" என்று கேட்டேன். "மேத்ஸ்ல மட்டும் ரெண்டு பேர் போயிட்டாங்க, மத்தவங்க ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து அதே ஆளுங்கதான்" என்றான் ஒருவன். குறையையும் சேர்த்துச் சொன்னதால் நம்பினேன். அந்தப் பெண் அங்கேதான் சேர்ந்தாள். இப்போது மூன்றாம் ஆண்டு.

கடன் விண்ணப்பத்தில் தகப்பனாரும் கையெழுத்துப் போட வேண்டும். நானும் கூடப் போயிருந்தேன். என் பழைய நாற்காலியில் ஒரு சின்னப் பெண் மேனேஜர் இருந்தார். என் நண்பர் பேனாவை வாங்கி மூடி போட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் படிப்புக்கு, அந்த வருஷத்துக்கு, அந்த வளாகத்துக்கு உள்ள அனுமதிக் கடிதத்தின் நகலை எடுத்து வரிவரியாகப் படித்தார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மேனேஜர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "அவர் படிக்கட்டும்மா" என்றேன் நான்.