இயற்கைப் பேறும் பாதுகாப்பான பேறும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கத்தின் மேடையில் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு பிள்ளை ஐந்து வயதில் பள்ளிக்கு வருகிறது. ஆனால் அதன் கல்விக்கு வேண்டிய உடலும் மூளையும் தாயின் கருவிலேயே உருவாகிவிடுகின்றன. இரத்தசோகையுற்ற தாய்க்கு எடை குறைந்து பிறந்த பிள்ளை வகுப்பிலே சோர்ந்து உட்கார்ந்தால், அதனை மந்தம் என்று பெயர் சூட்டிவிடுகிறோம். பிறந்தவுடன் தாயை இழந்த பிள்ளையின் படிப்போ பெரும்பாலும் பாதியிலே முடிந்துவிடுகிறது. ஆகவே இதுவும் கல்வியைச் சார்ந்த பொருளேயாகும்.

அண்மைக் காலத்தில், இயற்கையான கர்ப்பம், வீட்டிலேயே பிரசவம் என்னும் கருத்து கைப்பேசியின் வழியாக நம் இளைஞர்களிடமும் பரவி வருகிறது. "மருந்து வேண்டா, ஊசி வேண்டா, மருத்துவமனையும் வேண்டா, நம் பாட்டிமார் வீட்டில்தானே பெற்றார்கள்?" என்று கேட்கிறார்கள். இக்கேள்வியை ஏளனம் செய்து ஒதுக்கிவிடலாகாது.

அதற்குள் ஓர் உண்மையான அச்சம் இருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் அறுவை சிகிச்சையால் நடந்தவை. அரசு மருத்துவமனைகளில் 36 என்றால், தனியார் மருத்துவமனைகளில் அது 64. இத்தனை பெண்களுக்கும் கத்தி உண்மையிலேயே தேவைப்பட்டதா என்று கேட்பது நியாயமே. 2018 டிசம்பரில் நம் மாவட்டத்திலேயே ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி கலந்த இரத்தம் ஏற்றப்பட்ட கொடுமையை நாம் மறக்கவில்லை. பிரசவ வலியில் துடிப்பவளைக் கடிந்து பேசுவோரும் உண்டு. வறியவள், தாழ்த்தப்பட்டவள் என்றால் அச்சொல் இன்னும் கடுமையாகிறது. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னால் நம் பெண்கள் நம்ப மாட்டார்கள்.

ஆயினும் பாட்டிமாரைச் சான்றுக்கு அழைக்கும்போது, அவர்களுடைய கதையை முழுமையாகக் கேட்க வேண்டும். அவர்கள் வீட்டில் பெற்றது தாமே தேர்ந்துகொண்ட வழியன்று. ஊர் மருத்துவச்சி சேரிக்குள் காலடி வைக்கத் தயங்கிய காலம் அது. வண்டி இல்லை, கையில் காசில்லை, மருத்துவமனை வாசலில் நிற்கவும் அச்சம். நம் தெருவின் முதிய பெண்களே துணிந்து பேறு பார்த்தார்கள். அவர்களுடைய கைத்திறனும் கருணையும் போற்றத்தக்கவை. ஆனால் பேற்றிலே மாண்டுபோன ஒருத்தியின் நினைவில்லாத குடும்பம் நம்மிடையே அரிது. நமக்கு மறுக்கப்பட்ட ஒன்றை இன்று நம் மரபென்று கொண்டாடலாமா? வசதி படைத்தவர் அருகில் மருத்துவரும் வாசலில் காரும் வைத்துக்கொண்டு வீட்டுப் பேற்றைப் பற்றிப் பேசலாம். தேவதானத்திலோ மம்சாபுரத்திலோ இருக்கும் கூலித்தொழிலாளியின் மனைவிக்கு அந்தப் பாதுகாப்பு ஏது?

பேறு பெரும்பாலும் இயற்கையாகவே நிகழ்கிறது. ஆபத்து எவளுக்கு வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதியாக அறிய முடிவதில்லை. நஞ்சுக்கொடி வெளிவந்த பிறகு கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும். அப்போதுதான் திறந்திருக்கும் இரத்தக்குழாய்கள் அடைபடும். சுருங்காவிடில் இரத்தம் பெருகுகிறது. நல்ல உடல்நலமுள்ள பெண்ணும் இரண்டு மணி நேரத்திற்குள் மாண்டுபோகக்கூடும். இராஜபாளையத்திலிருந்து மதுரை பெரிய மருத்துவமனைக்குச் செல்லவும் ஏறத்தாழ அவ்வளவு நேரமாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். இதனைத் தடுக்க, பிள்ளை பிறந்தவுடன் போடப்படும் ஆக்சிடோசின் ஊசி ஒன்று பெரிதும் உதவுகிறது. இது தாயின் உடலே சுரக்கும் பொருள்தான். இதனை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டிய வின்சென்ட் டு விக்னியோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது.

2018 ஜூலையில் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிள்ளை பெற்ற 28 வயதுப் பெண்ணொருவர் இரத்தப்போக்கினால் உயிரிழந்தார். பிள்ளை பிழைத்தது. படிப்பறிவுள்ள குடும்பத்திலேதான் இது நிகழ்ந்தது.

மருத்துவமனைகளும் பிழையறியாதவை அல்ல. 1847இல் வியன்னா நகர மருத்துவமனையில், பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த மருத்துவர்களின் கைகளாலேயே தாய்மார் காய்ச்சல் கண்டு மாண்டனர். செம்மல்வைஸ் என்ற மருத்துவர் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு சில மாதங்களில் 2 ஆகக் குறைந்தது. குறையுள்ள மருத்துவமனையைத் திருத்துவதே வழியென்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

ஆகவே, வீட்டிலே செய்ய வேண்டிய ஆயத்தத்தை வீட்டிலே செய்வோம். பேற்றை மருத்துவமனையில் வைத்துக்கொள்வோம். அந்த ஆயத்தம் என்னவென்று சொல்கிறோம்.

கர்ப்பம் தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ் பெறவும் அந்தப் பதிவு எண்ணே கேட்கப்படுகிறது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. மலம் கறுக்கிறது என்று அஞ்சி இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையிலே போடாதீர்கள். 180 நாள் உண்ண வேண்டும். தேநீரோடு விழுங்காமல், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, பயறு ஆகியவை நம் கைக்கு எட்டியவையே.

வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு செல்வது நம் வழக்கம். இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குச் சென்றாலும் மருத்துவ அட்டை அவளுடனே செல்ல வேண்டும். அவ்வூர்ச் செவிலியருக்குச் சொல்ல வேண்டும். அவளுடைய இரத்தப்பிரிவை வீட்டார் அறிந்திருங்கள். இரத்தம் கொடுக்கக்கூடிய இளைஞர் இருவரைக் குறித்து வையுங்கள். 108 வரத் தாமதமானால் எந்த வண்டி என்பதை முன்பே பேசி முடியுங்கள். இரத்தக்கசிவு, கடுந்தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டால் கலங்க வேண்டா. கை கழுவுங்கள், பிள்ளையைத் துடைத்துத் தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்துங்கள், கொடியை இழுக்காதீர்கள். கொடியை அறுக்க வீட்டுக் கத்தியை எடுக்காமல் உதவி வரும் வரை பொறுத்திருங்கள். தொப்புளில் சாம்பலோ சாணமோ வைக்கக்கூடாது. ரண ஜன்னியால் பச்சிளங்குழந்தைகள் மாண்ட காலம் தடுப்பூசியாலும் தூய்மையாலும் மாறியது. அந்நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியது என 2015இல் அறிவிக்கப்பட்டது.

இயற்கைப் பேற்றை விரும்புவோர் அதனை மருத்துவமனையிலேயே கேட்கலாம். வலி வந்தபின் நடக்கவும், நீர் அருந்தவும், தனக்கு ஏற்ற நிலையில் இருக்கவும் தாய்க்கு இடமளிக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டியிருக்கிறது. அரசு மருத்துவமனையில் உறவுப் பெண்ணொருவர் துணையிருக்கவும் வழியுண்டு. அறுவை சிகிச்சை ஏன் என்று காரணம் கேளுங்கள். இழிசொல் கேட்டால் வாய்மூடித் திரும்பாமல், மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். 104 எண்ணிலும் முறையிடுங்கள். எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுப்பது இச்சங்கத்து இளைஞர்களின் கடமை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. பெண்கள் படிப்பதே அரிதான நாளில், 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர் அவர். பஞ்சாலைகளில் உழைக்கும் நம் பெண்களுக்கு, சட்டப்படியான பணிநாள்கள் நிறைந்திருந்தால், முதலிரு பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. இத்தகைய உரிமை தாமாக வந்ததன்று. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று நல மசோதாவை ஆதரித்து, பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்று வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர்.

இராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. இவ்வட்டாரத்து உழைப்பாளரின் வியர்வையால் ஆன அத்துணி எங்கோ ஒரு தாயின் இரத்தத்தை நிறுத்தும்போது, நம் வீட்டுப் பெண் பழஞ்சேலையின்மேல் இரத்தம் சிந்திக் கிடக்கலாமா? இங்கு அமர்ந்திருக்கும் ஒவ்வோர் இளைஞரும் தம் தெருவில் உள்ள கர்ப்பிணிகளின் பேறுகால நாளை அறிந்து, அன்று வண்டிக்கும் இரத்தத்திற்கும் தாமே பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமைகிறோம்.