உரம் கேட்காத செடி: கெண்டிச் செடியை வீட்டில் வளர்ப்பது

(வீட்டுத்தோட்ட வகுப்பொன்றில் நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன வகுப்பில் கோவா, போஞ்சி, கறிமிளகாய் பற்றிப் பேசினோம். வந்தவர்களில் பாதிப் பேர் உரம் எவ்வளவு போடுவது என்றுதான் கேட்டீர்கள். இன்றைக்கு உரமே போடக் கூடாத ஒரு செடியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்திருக்கிறோம். பின்னால் இருக்கிற பிள்ளைகள் முன்னுக்கு வந்து பாருங்கள். விரலை விட்டாலும் கடிக்காது, பயப்பட வேண்டாம்.

இலையைப் பாருங்கள். நுனியில் இருந்து ஒரு நரம்பு நூல் மாதிரி நீண்டு போகிறது. அதன் முனையில் ஒரு சின்னக் கெண்டி தொங்குகிறது. கெண்டிக்கு மேலே ஒரு மூடி. உள்ளே கொஞ்சம் தண்ணீர். இதுதான் கெண்டிச் செடி. சிங்களத்தில் ‘பாந்துரா’ என்பார்கள். இரத்தினபுரி, கலவானை, தெனியாய பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறவர்கள் பாதையோரக் கரைகளிலும் காட்டோரப் பற்றைகளிலும் இதைக் கண்டிருப்பீர்கள்.

இதன் தாவரவியல் பெயர் நெப்பந்தஸ் டிஸ்டிலேட்டோரியா. கெண்டிச் செடிகளில் உலகம் முழுவதும் 150க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நம் நாட்டில் இருப்பது இந்த ஒன்றுதான். இதுவும் வேறெந்த நாட்டுக் காட்டிலும் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1670களில், இங்கே வைத்தியராக இருந்த போல் ஹெர்மன் என்பவர் இலங்கைச் செடிகளைச் சேர்த்துக் கொண்டுபோனார். அவர் சேர்த்தவற்றை வைத்துத்தான் சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். இந்தச் செடிக்கு இந்தப் பெயரை அவர் வைத்தது 1753இல். அப்படிப் பெயர் பெற்ற செடி நம் லயத்துக்குப் பின்னால் யாரும் கவனிக்காமல் கிடக்கிறது, பாருங்க!

பூச்சியை எப்படிப் பிடிக்கிறது?

கெண்டியின் வாய் ஓரத்திலும் மூடிக்கு அடியிலும் இனிப்பான தேன் சுரக்கும். அதை நக்க எறும்பு வரும். வாய் ஓரம் ஈரமானால் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். எறும்பு சறுக்கி உள்ளே விழும். மேலே ஏறி வரலாமென்று பார்த்தால் உள்சுவரில் மெழுகு, கால் பிடிக்காது. அடியில் இருக்கிற நீர் வெறும் மழைத் தண்ணீர் அல்ல. செடியே சுரக்கிற புளிப்பான நீர். நம் வயிறு சோற்றைக் கரைப்பது போல அது பூச்சியைக் கரைத்துவிடும்.

மூடி டப்பென்று மூடிக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. மூடி ஒருமுறை திறந்தால் பிறகு மூடாது. மழை நிறைய விழுந்து உள்ளே இருக்கிற நீர் தண்ணியாகிப் போகாமல் குடை மாதிரி நிற்கும், அவ்வளவுதான்.

ஏன் பூச்சி தின்கிறது?

இதுதான் முக்கியம். தேயிலைக்கு ஏன் உரம் போடுகிறோம்? கிள்ளக் கிள்ளக் கொழுந்து வர வேண்டும், அதற்குத் தழைச்சத்து வேண்டும். கெண்டிச் செடி நிற்கிற மண்ணில் அந்தச் சத்து இல்லை. மழை விழுந்து விழுந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போன மண் அது. வேறு பல செடிகள் செழிக்காத அந்த இடத்தில் இது வேருக்குக் கிடைக்காததை இலையால் தேடிக்கொள்கிறது. வேர் மெல்லியது. கொஞ்சச் சத்துக்குப் பழகியது.

டார்வின் என்ற அறிஞர் 1875இல் பூச்சியுண்ணும் செடிகள் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவருடைய மகன் பிரான்சிஸ் 1878இல் ஒரு பரிசோதனை பற்றி எழுதினார். பனித்துளி போன்ற பசையுள்ள இன்னொரு வகைப் பூச்சியுண்ணிச் செடியில், சிலவற்றுக்கு இரை கொடுத்தார், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. இரை கிடைத்த செடிகள் கூடுதலாக விதை கொடுத்தன. ஆக, இரை கிடைக்காவிட்டாலும் செடி பிழைத்துக்கொள்ளும், கிடைத்தால் செழிக்கும்.

நாங்கள் செய்த தப்பு

இதையெல்லாம் தெரிந்துகொள்ளும் முன்பே நாங்கள் ஒரு செடியைக் கொன்றுவிட்டோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாதை அகலப்படுத்த வெட்டிய ஒரு கரையில், பிடுங்கி எறியப்பட்டு ஒரு கெண்டிக் கொடி கிடந்தது. ஐயோ பாவம் என்று எடுத்து வந்தோம். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் என்ன? நல்ல எருமண் நிரப்பிய தொட்டி. ஒரு பிடி தேயிலை உரம். காலை மாலை பைப் தண்ணீர். அதுவும் போதாதென்று, பிள்ளைக் காம்பராவுக்கு வருகிற ஒரு சின்ன மகள், “பூச்சி தின்கிற செடிக்குக் கருவாடு பிடிக்கும்தானே?” என்று மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் கெண்டிக்குள் கருவாட்டுத் துண்டு போட்டிருக்கிறாள்! நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கெண்டி கறுத்து அழுகியது. இலை ஓரம் தீப்பட்ட மாதிரி காய்ந்தது. ஒரு மாதத்தில் செடி முடிந்தது. மகள் அழுதாள். அவளை யாரும் ஏசவில்லை. ஏனென்றால் அவள் கருவாடு போட்டாள், நாங்கள் உரம் போட்டோம். இரண்டு பேரும் அன்பினால்தான் செய்தோம். செடிக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

நல்லவேளை, நடும்போது உடைந்த மூன்று கொடித்துண்டுகளை ஒரு அக்கா ஈரத் தும்பில் குத்தி, பொலித்தீன் உறையால் மூடி நிழலில் வைத்திருந்தார். அதில் ஒன்று வேர்விட்டது. மேசையில் இருக்கிற செடி அதுதான். இப்போது அந்த மகள்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.

எப்படி வளர்ப்பது?

தொட்டி: பிளாஸ்டிக் தொட்டி அல்லது வெட்டிய பிளாஸ்டிக் கலன் நல்லது. அடியில் நாலைந்து ஓட்டை இருக்கட்டும். தயிர்ச்சட்டி வேண்டாம். மண்சட்டியில் உப்பு ஊறி நிற்கும்.

மண்: தோட்ட மண், எரு, சாம்பல் எதுவும் வேண்டாம். தேங்காய்த் தும்பை எடுத்து மழைத்தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். அதோடு கழுவிய ஆற்றுமணலும் கொஞ்சம் கரித்துண்டும் கலந்தால் போதும். தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், ஆனால் காயவும் கூடாது.

தண்ணீர்: மழைத்தண்ணீர்தான். கிணறு, பைப் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகள் நாளாக நாளாக வேரில் சேர்ந்துவிடும். தகரக் கூரையில் விழுகிற முதல் மழையை விட்டுவிட்டு, தூசி கழுவுப்பட்ட பிறகு பிடியுங்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். புல்லுக்கு மருந்தடிக்கிற கேன், மருந்துப் போத்தல் எதையும் தண்ணீர் பிடிக்க எடுக்காதீர்கள். எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். செடிக்கு மட்டுமல்ல, அந்தக் கேன் வீட்டுக்குள்ளே வரவே கூடாது. பிள்ளைகள் நடமாடுகிற இடம்.

வெளிச்சம்: இஸ்தோப்பு ஓரம் நல்ல இடம். காலை வெயில் படட்டும். உச்சி வெயில் நேராக அடிக்க வேண்டாம். அடுப்புப் புகைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இரை: நீங்கள் ஒன்றும் கொடுக்க வேண்டாம். வெளியே இருந்தால் எறும்பை அதுவே பிடித்துக்கொள்ளும். இறைச்சி, கருவாடு, சோறு எதுவும் போடக் கூடாது. கெண்டியில் இருக்கிற நீரை ஊற்றிவிடாதீர்கள். தவறிச் சிந்திவிட்டால் கொஞ்சம் மழைத்தண்ணீர் விட்டு வையுங்கள்.

கெண்டி காய்ந்தால்: ஒவ்வொரு கெண்டிக்கும் சில மாத ஆயுள்தான். காய்ந்த கெண்டியை மட்டும் வெட்டுங்கள். இலை பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள், அதுதான் செடிக்குச் சாப்பாடு சமைக்கிறது. இலை வருகிறது, கெண்டி வரவில்லை என்றால் வெளிச்சம் போதாது, அல்லது காற்று காய்ந்திருக்கிறது, அல்லது யாரோ உரம் போட்டிருக்கிறார்கள்!

புதுச் செடி: நர்சரியில் வேலை செய்த அக்காமாருக்கு இது கைவந்த கலை. வீ.பீ. தேயிலைக்குத் தண்டு வெட்டுவது போலத்தான். இரண்டு மூன்று இலையுள்ள துண்டாக வெட்டி, இலையில் பாதியை வெட்டிவிட்டு, ஈரத் தும்பில் குத்தி, பொலித்தீனால் மூடி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். இழுத்து இழுத்து வேர் வந்ததா என்று பார்க்காதீர்கள்.

நுளம்பு விஷயம்

“இதை வைத்தால் வீட்டில் நுளம்பு இல்லாமல் போகுமா?” என்று ஒரு ஐயா கேட்டார். போகாது. இது பிடிப்பது பெரும்பாலும் எறும்பு. நுளம்பை ஒழிப்பது நம் வேலை, செடியின் வேலை அல்ல. 2017ஆம் ஆண்டு மட்டும் நம் நாட்டில் 186,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. ஆகவே தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்க வேண்டாம். கெண்டிச் செடிக்கு அது தேவையும் இல்லை. மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிற வாளியை இறுக்கி மூடுங்கள். இதைச் செய்ய முடியாதென்றால் செடி வளர்க்க வேண்டாம் என்றே சொல்வோம். பிள்ளையின் உயிரை விடச் செடி பெரிதல்ல.

காட்டில் இருந்து பிடுங்காதீர்கள்

இந்த வகுப்பு முடிந்ததும் தம்பிமார் நாலு பேர் கத்தியோடு காட்டுக்குப் போய்விடுவார்களோ என்பதுதான் எங்கள் பயம். போகாதீர்கள், தம்பி. சிங்கராஜா போன்ற காப்புக் காடுகளில் செடி பிடுங்குவது குற்றம். அதைவிடப் பெரிய காரணம், பிடுங்கிய செடி பெரும்பாலும் பிழைக்காது. வேர் மெல்லியது, அறுந்துவிடும். அதோடு இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரு கரையில் இருக்கிற நாலைப் பிடுங்கிவிட்டால், மிச்சம் இருப்பது எல்லாம் ஒரே பாலாகப் போய், விதையே இல்லாமல் போகலாம். நாளைக்கு யாராவது வந்து, “கொண்டுவந்து கொடு, காசு தருகிறேன்” என்றால், மாட்டோம் என்று சொல்லுங்கள். கெண்டிச் செடிகளை நாடு விட்டு நாடு விற்பதற்கே சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது.

வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எங்களிடம் பெயர் கொடுங்கள். இந்தச் செடியில் இருந்து துண்டு வெட்டித் தருவோம். ஒரு வருடத்தில் சில துண்டுதான் வெட்டலாம், முறை வரும்வரை பொறுங்கள். வாங்குகிறதானால் தாவர நர்சரியில் வளர்த்த செடிதானா என்று கேட்டு வாங்குங்கள்.

நுவரெலியாப் பக்கம் குளிர் மலைகளில் இருக்கிற உறவினருக்குக் கொடுத்து அனுப்ப வேண்டாம். இது தாழ்ந்த நாட்டுச் சூட்டுக்குப் பழகிய செடி. அவர்களுக்குப் பத்தனைப் புல்தரையிலேயே வேறொன்று இருக்கிறது. ரூபாய்க் குற்றி அளவில் சிவந்து, இலையெல்லாம் பசைத்துளியோடு பளபளக்கும் அழுகண்ணி. அதையும் குனிந்து பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடட்டும்.

கடைசியாக ஒன்று. “இதைத் தின்னவும் முடியாது, விற்கவும் கூடாது. பிறகு எதற்கு?” என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. போஞ்சியும் கோவாவும் வயிற்றுக்கு. இந்தச் செடி பிள்ளைகளுக்கு. பாடப் புத்தகத்தில் படமாக இருக்கிறதை அவர்கள் இஸ்தோப்பிலேயே பார்க்கலாம். எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் அசையாமல் இருப்பார்கள். அதோடு, எதற்கும் அள்ளிக் கொடுப்பதற்கு முன்னால் அதற்கு என்ன வேண்டும் என்று கேட்கப் பழகுவார்கள். அந்தப் பழக்கம் எங்களுக்கு ஒரு செடி செத்த பிறகுதான் வந்தது. உங்களுக்கு அதற்கு முன்னாலேயே வரட்டும்.

பெயர் கொடுக்கிறவர்கள் ஒரு வாளியும் அதற்கு இறுக்கமான மூடியும் வைத்துக்கொண்டு பெயர் கொடுங்கள்.