விட்ட இடத்திலிருந்து

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சூளைகளில் வேலை தொடங்கும்போது, ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர் வட்டாரத்துச் செங்கல் சூளைகளுக்கு வருகிறார்கள். முன்பணம் வாங்கியவர்கள்; கணவன், மனைவியோடு பிள்ளையின் கையும் கல் அறுப்பதில் சேர்ந்துவிடுகிறது. அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆக, அந்தப் பிள்ளையின் கல்வியாண்டு நடுவில் அறுபடுகிறது. வகுப்பு பாடநூலின் பக்கக் கணக்கில் நகர்கிறது. ஐந்தாம் பாடத்தில் விட்டுப்போன குழந்தை திரும்பும்போது எல்லோரும் பன்னிரண்டாம் பாடத்தில் இருக்கிறார்கள். இதைப் பின்தங்கிய குழந்தை என்கிறோம். காத்திருக்கத் தெரியாதது வகுப்புதான் என்பேன்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு விடை முன்பே இருந்தது. ஆந்திராவிலுள்ள ரிஷிவேலி கல்வி நிறுவனத்தின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எங்கும் பரவியது. பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிந்து, சுவரில் ஓர் ஏணியாகத் தொங்கும். குழந்தை தன் படியைப் பார்த்து, அதற்குரிய சின்னமும் எண்ணும் கொண்ட அட்டையைத் தானே எடுத்துவரும். சிலர் ஆசிரியரோடு, சிலர் தோழரோடு, சிலர் தனியே. மூன்று மாதம் வராத பிள்ளையும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். தானே கற்றல் என்று நான் சொல்வது இதைத்தான்: தான் எங்கே நிற்கிறோம், அடுத்தது எது என்பது குழந்தைக்கே தெரிந்திருப்பது.

வீட்டில் எழுத்தறிந்தவர் இல்லாத குழந்தைக்கு நேரடியாகக் கற்பிக்கும் ஆசிரியரே வேண்டும், அட்டை என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பல வகுப்புகளை ஒருவரே பார்க்கும் பள்ளியில் ஆசிரியர் அட்டை எடுத்துக் கொடுப்பவராகவே சுருங்கிவிடக்கூடும். ஆனால் அது ஆள் பற்றாக்குறையின் குறை. முறை சரியாக நடக்கும் இடத்தில், தானே முன்னேறும் பிள்ளைகள் மிச்சப்படுத்தித் தரும் நேரம் முழுவதும் தடுமாறும் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. கரும்பலகை முன் நின்று நாற்பது பேருக்கு ஒரே பாடம் நடத்துபவருக்கு அந்த நேரம் கிடைப்பதே இல்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு மொழியைப் பற்றியது. சின்னத்தைப் பார்த்து அட்டையை எடுத்துவிடலாம். அதில் தமிழ் மட்டும் இருந்தால் ஒடியாக் குழந்தை தனித்து விடப்படுகிறது, தானே கற்பதில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்காதே என்கிறது. பலாங்கீர்க் குழந்தை வீட்டில் பேசுவது சம்பல்புரி. பாடநூல் ஒடியாவே அதற்குச் சற்றுத் தள்ளி நிற்பது. ஆகவே கணக்கு அட்டைகளிலிருந்து தொடங்கலாம். அவற்றுக்குச் சொல் குறைவாகப் போதும். மொழி அட்டைகள் ஒடியாவிலும் தமிழிலும் அச்சாகட்டும். எந்தப் படியில் நிற்கிறது என்ற குறிப்பு, இரு மாநிலத் தலைமையாசிரியர்களும் படிக்கும்படி, சூளையிலிருந்து கிளம்பும் நாளில் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும்.