ஞாயிற்றுக் குடும்பத்தின் தோற்றமும் அநாதி என்னும் கொள்கையும்



திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே ரமணாசிரமத்தைக் கடந்து செல்வோர் மலையை நிமிர்ந்து நோக்காமல் போவதில்லை. இமயம் எழும்பத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளே ஆயின. அண்ணாமலை நிற்கும் இந்நிலப்பகுதியின் பாறைகளோ 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. அவற்றினும் மூத்தது ஞாயிற்றுக் குடும்பம். அது தோன்றி ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள் ஆயின எனப் பாடநூல் கூறுகிறது. உலகம் அநாதி என ஜினாலயத்தில் கேட்ட பிள்ளை, இவற்றுள் எது மெய் என வினவுகிறது. அவ்வினாவைத் தட்டிக்கழித்தல் தகாது.

முதற்கண் அறிவியல் கூறுவதைக் காண்போம். வாயுவும் தூசும் நிறைந்த பெருமுகில் ஒன்று தன் ஈர்ப்பினாலேயே சுருங்கியது. சுருங்கச் சுருங்க விரைந்து சுழன்று, வட்டத் தட்டாகப் பரந்தது. நடுவே திரண்டது ஞாயிறாயிற்று. மொத்தப் பொருண்மையில் 99 விழுக்காட்டுக்கு மேல் அதனிடமே சேர்ந்தது. எஞ்சிய தூசுகள் ஒட்டித் திரண்டு கற்களாயின. கற்கள் மோதி இணைந்து கோள்களாயின. வெம்மை மிகுந்த உட்பகுதியில் பாறைக் கோள்களும், பனிக்கட்டி நிலைத்த வெளிப்பகுதியில் வியாழன் முதலிய பெருங்கோள்களும் உருவாயின.

இதற்குச் சான்று விண்கற்கள். சமணக் குடும்பத்தில் பிறந்த விக்ரம் சாராபாய் 1947இல் அகமதாபாத்தில் நிறுவிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜே. என். கோஸ்வாமியும் உடன் ஆய்ந்தோரும், 1994இல் எஃப்ரெமோவ்கா என்னும் விண்கல்லின் மிகத் தொன்மையான துகள்களில் கால்சியம்-41 இருந்த சுவட்டைக் கண்டனர். அது ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகளில் பாதியாகச் சிதைவது. ஆகவே, அத்துகள்கள் உறைவதற்குப் பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளாகவே அது உருவாகியிருத்தல் வேண்டும். வேறொரு விண்மீன் மடியுங்கால் அதனை ஈந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

எனவே, ஞாயிறு இன்மையிலிருந்து பிறந்ததன்று. முன்னிருந்த பொருள் புதிய வடிவம் பூண்டது. நம் எலும்பிலுள்ள கால்சியமும் ஞாயிற்றுக்கு முந்திய விண்மீன்களில் சமைந்ததே. பொருள் நிலைபேறுடையது, அதன் பரியாயமே தோன்றி மறைவது என்னும் சமணக் கொள்கையை அறிந்தோர்க்கு இது விளங்காததன்று. 460 கோடி ஆண்டு என்பது ஒரு பரியாயத்தின் வயது. அநாதி என்பது பொருளைப் பற்றிய கூற்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆகமங்கள் உரைக்கும் மேருவும் ஜம்புத்தீவும் தொலைநோக்கியில் காணும் அமைப்பினின்று வேறானவை. அவ்வேறுபாட்டை மறைத்து, எல்லாம் முன்னோர் நூலிலேயே உண்டு எனப் பெருமை பேசுதல் வாய்மை விரதத்துக்கு இழுக்கு. வினவும் பிள்ளைக்கு ஒத்த இடத்தை ஒத்தது என்றும், ஒவ்வாத இடத்தை ஒவ்வாதது என்றும் உரைப்போம். அவ்வாறு உரைக்கக் கேட்டு வளரும் பிள்ளை நூலையும் வெறுக்காது, அறிவியலையும் அஞ்சாது.