பரபக்கமும் கேட்போம்

நம் குடியிருப்புப் பிள்ளைகள் தமிழ் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்று சங்கம் பாடுபடுகிறது. இத்தொண்டில் வீடுவீடாகச் செல்வோர் "வேண்டாம்" என்னும் விடையையும் கேட்பதுண்டு. அவ்வாறு கூறுவோரைத் தமிழ்ப்பற்று அற்றவர் என்று சொல்லிவிடுதல் எளிது. சொல்லிவிட்டால் அக்கதவு பிறகு நமக்குத் திறவாது. ஆதலின் இன்று தமிழின் பெருமையை விடுத்து, வகுப்பு வேண்டா என்பாரின் கட்சியைப் பேச விழைகிறோம். அன்பர்கள் அஞ்ச வேண்டா!

இது நம் முன்னோர் கண்ட வழியே. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றியபோது, தம் கொள்கையைக் கூறும் சுபக்கத்திற்கு முன்னர்ப் பரபக்கத்தை வைத்தார். உலகாயதம் முதலிய பிறர் மதங்களை ஒவ்வொன்றாக முதலில் எடுத்துக் கூறி, அதன் பின்னரே மறுத்தார். கடவுள் இல்லை என்பவனுக்கும் அந்நூலில் பேச இடம் உண்டு. எதிரி பேதையாயின், அவனை வென்றவனுக்கு என்ன பெருமை? குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியம் இன்று முழுமையாக இல்லை. அதனை மறுக்க எழுந்தது சமண நூலாகிய நீலகேசி. அந்நீலகேசியின் உரையில் எடுத்தாளப்பட்டமையாலும் குண்டலகேசிப் பாடல்கள் சில நமக்குக் கிடைத்தன. மாற்றார் வீட்டில் காக்கப்பட்ட செல்வம்!

இனி, நம் வகுப்பிற்கான பரபக்கத்திற்கு வருவோம். 1923-இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி மோதி பாக்கிலும் உண்டு. ஆயினும் தந்தையார் மத்திய அரசு ஊழியர். நாளை போபாலுக்கோ குவாஹாட்டிக்கோ மாற்றலாகலாம். இங்கே கற்ற எழுத்து அங்கே மறந்து போகும் என்பர். தேர்வுக்கு இந்தியும் ஆங்கிலமும் போதும் என்பாரும் உளர். அது பழைய வாதம், விடையும் பழையது.

வலிமை மிக்கது வேறொன்று. அதனை ஒரு தாய் இவ்வாறு கூறக்கூடும்: "என் மகள் பாட்டியிடம் தமிழில்தான் பேசுகிறாள். வீட்டில் 'வந்தாங்க' என்கிறோம்; வகுப்பில் அதைத் தவறு என்று திருத்தினால், கூச்சப்பட்டு அவள் பாட்டியிடமும் இந்தியில் பேசத் தொடங்குவாள். உங்களுக்கு ஊர் மதுரை. அவளுக்கு ஊர் தில்லி. உங்கள் ஏக்கத்திற்காக அவள் ஏன் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வேண்டும்?"

இதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருத்தலே முறை. முற்பாதிக்கு விடை உண்டு. ஆனால் அதனைச் சொல்லால் அன்று, வகுப்பை மாற்றியே அளிக்க வேண்டும். பாட்டியின் பேச்சையே முதலில் எழுதச் செய்து, பின்னர் நூல் தமிழுக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். 247 எழுத்துகளையும் முதல் மாதத்திலேயே சுமத்துதல் ஆகாது. பிற்பாதிக்கு நம்மிடம் நிறைந்த விடை இல்லை. தன் ஊர் எது என்று அப்பெண்ணே பின்னாளில் முடிவு செய்வாள். படிக்கத் தெரிந்திருந்தால், அன்று அவளுக்கு இரு வழியும் திறந்திருக்கும் என்று மட்டுமே கூறலாம்.

அடுத்த முறை தொண்டர்கள் புறப்படுமுன் ஒரு மாலை கூடுவோம். நம்முள் ஒருவர் அத்தாயின் கட்சியைப் பேசட்டும். பிள்ளையை அனுப்பாத பெற்றோர் ஒருவரையே நடுவராக அழைப்போம். "ஆம், நான் சொல்ல நினைத்தது இதுவே" என்று அவர் ஒப்பும் வரை மறுப்புரையைத் தொடங்க வேண்டா. காப்பிச் செலவு சங்கத்தைச் சேர்ந்தது!