கால் ஓயும் முன்னே

விடியற்காலை மெரினாவில் காந்தி சிலைக்கும் உழைப்பாளர் சிலைக்கும் நடுவே ஓடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "மூணு கிலோமீட்டர் ஓடிடுவேன், அதுக்கு மேல முடியல" என்பார் ஒருவர். முடியவில்லை என்று சொல்வது காலா, மனமா?

2009-இல் வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் சாமுவேலே மார்கோரா குழுவினர் 16 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு நாள், 90 நிமிடம் கணினி முன் மூளையைக் கசக்கும் வேலை. இன்னொரு நாள், அதே நேரம் ஆவணப்படம். இரண்டு நாளும் அதன் பிறகு, இனி முடியாது என்கிற வரை சைக்கிள் மிதிக்க வேண்டும். மூளை களைத்த நாளில் ஏறக்குறைய 2 நிமிடம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் இதயமும் மூச்சும் தசையும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் இயங்கின. மிதிப்பது பெரும்பாடாகத் தோன்றியது, அவ்வளவுதான்!

மாதக் கடைசிக்கென்று அரிசியில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கும் அம்மாவைப் போல, தெம்பு தீரும் முன்பே மூளை 'போதும்' என்கிறது. நாள் முழுக்க அலுவலகத்தில் கணக்கோடு மல்லாடிவிட்டு, மாலையில் ஓடப்போய்க் கால் வரவில்லை என்று நொந்துகொள்ளாதீர்கள். நீண்ட ஓட்டத்தை விடுமுறை நாளின் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே போதும். பத்து கிலோமீட்டரை மொத்தமாக நினைத்தால் மலைப்பாக இருக்கும். அடுத்த விளக்குக் கம்பம் வரை என்று நினையுங்கள். அங்கே போனதும் அதற்கடுத்த கம்பம்.

உங்களோடு நீங்களே பேசுங்கள். மார்கோராவும் பங்கேற்ற 2014-ஆம் ஆண்டு ஆய்வில், தமக்குத் தாமே ஊக்கம் சொல்லிக்கொள்ள இரண்டு வாரம் பழகியவர்கள், முன்பைவிட 18 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். "நல்லாத்தான் ஓடுற, இன்னும் கொஞ்சம்" என்பதுபோல, உங்கள் வாய்க்கு வருகிற வார்த்தையாக இருக்கட்டும். அதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். களைத்த பிறகு தேடினால் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ அங்கேயே நின்றுவிடுங்கள். அது மனம் சொல்லும் சாக்கு அல்ல, உடம்பு சொல்லும் உண்மை.

மற்றபடி, "முடியல" என்று முதல் தடவை தோன்றும்போது வேகத்தைக் குறையுங்கள், நிற்காதீர்கள். இன்னொரு கம்பம் தாண்டிய பிறகு முடிவெடுங்கள்.